காலனிய ஆட்சியின் ‘விளைவுகள்’: பட்டியலாக இல்லாமல் வகுப்பில் எப்படி நடத்துவது?

கரும்பலகை:

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் காலனிய கால வரலாறு நடத்துவது பற்றி ஒரு கேள்வி. கையில் இருப்பது 8 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். வகுப்பில் 40 பேர். போர்கள், உடன்படிக்கைகள், சட்டங்கள் வரை பெரிய தொல்லை இல்லை. ‘விளைவுகள்’ என்ற தலைப்புக்கு வந்ததும் பாடம் படுத்துவிடுகிறது. ஒரு பக்கம் ரயில், தபால், ஆங்கிலக் கல்வி. மறுபக்கம் வறுமை, பஞ்சம், செல்வம் வெளியேறியது. பிள்ளைகள் இரண்டு பட்டியலையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வராது.

விவாதம் வைத்தால் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. “அவங்க வரலைன்னா ரயிலே கிடையாது” என்று ஒரு கூட்டம். “இன்னைக்கு இருக்கிற எல்லாக் கேட்டுக்கும் வெள்ளைக்காரன்தான் காரணம்” என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கத்திலும் சான்று இல்லை.

அன்று நடந்த ஒன்று இன்றுவரை நீடிக்கிறது என்பதைச் சான்றோடு எப்படிக் காட்டுவது? எந்த எடுத்துக்காட்டுகள் வகுப்பில் நிற்கும்? ஆவணங்கள் கொடுத்தால் எத்தனை, எவ்வளவு நீளம்?

ஆவணப்பெட்டி:

முதலில் அந்த விவாதத்தை விட்டுவிடுங்கள். ‘காலனிய ஆட்சி நல்லதா, கெட்டதா’ என்ற தலைப்பு பாதி வகுப்பை வன்முறைக்கு வக்காலத்து வாங்க வைக்கிறது. ரயிலை ஒரு தட்டிலும் பஞ்சத்தை மறு தட்டிலும் வைத்தால் எந்தப் படிக்கல்லைப் போட்டு நிறுப்பது? நிறுக்கவே முடியாததை நிறுக்கச் சொன்னால் பிள்ளைகள் சத்தத்தால்தான் ஜெயிக்கப் பார்ப்பார்கள்.

பட்டியலுக்குப் பதில் சங்கிலி பிடியுங்கள். ஒரே ஒரு சட்டம், அல்லது ஒரு வரி, ஒரு பயிர், ஒரு எல்லைக்கோடு. அது பிறந்த நாளிலிருந்து இன்றுவரை பின்தொடர வேண்டும். தாளை அகலவாட்டில் வைத்து ஐந்து கட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் எப்போது, எதற்காகக் கொண்டுவந்தார்கள். இரண்டாவதில் நடைமுறையில் யார் செய்தார்கள், யார் மீது. மூன்றாவதில் யார், எப்படி எதிர்த்தார்கள். நான்காவதில் விடுதலைக்குப் பிறகு அதை யார் வைத்துக்கொண்டார்கள், ஏன். ஐந்தாவதில் இன்று எந்த வடிவில் இருக்கிறது.

இதில் நான்காவது கட்டம்தான் உயிர். பெரும்பாலான பாடங்கள் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவிவிடுகின்றன. 1947-இல் யூனியன் ஜாக் இறங்கியது, ஆனால் சட்டப் புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தியது நம்முடைய அரசுகள். அந்த இடத்தை நிரப்பாமல் ‘இன்றும் நீடிக்கிறது’ என்று சொன்னால், 200 ஆண்டு பழைய பேய் ஒன்று தானாகவே நடமாடுவது போல் ஆகிவிடும்.

தமிழ் வகுப்புக்கு மிகப் பொருத்தமான சங்கிலி குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே பதிவேட்டில் பெயர் ஏறப் போதுமான காரணம். கைரேகை எடுத்ததால் மக்கள் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’ ஆயிற்று. இரவில் ஆஜர் சொல்ல வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது, நாடு முழுவதும் 1952-இல். அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் ‘சீர்மரபினர்’ என்ற சொல்லின் பின்னணி இது.

இப்போது நான்காவது கட்டம். சென்னையில் அடுத்த ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. காகிதத்தில் அது தனிமனிதர்களைப் பற்றியது, பிறப்பைப் பற்றியது அல்ல. ஆனால் காவல் நிலையத்தின் பழைய சந்தேகப் பழக்கம் அதற்குள் எளிதாகக் குடிபுகுந்தது. ஐந்தாவது கட்டத்துக்கு 2024 அக்டோபர் 3 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சிறைக் கையேடுகளில் சாதிவாரியாக வேலை பிரிக்கும் விதிகளையும், சீர்மரபுப் பழங்குடிகளை வழக்கமான குற்றவாளிகளோடு சேர்த்துப் பேசும் பகுதிகளையும் அது செல்லாதென்றது. 1871-இல் எழுதிய ஒரு எண்ணம் 150 ஆண்டு கழித்தும் கையேட்டில் உட்கார்ந்திருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

நேரக் கணக்கு: 2 பாடவேளை. முதல் வேளையில் 10 நிமிடம் நீங்கள் சட்டத்தை விளக்குங்கள். 20 நிமிடம் ஐந்து பேர் கொண்ட 8 குழுக்கள் 1, 2, 3 கட்டங்களை நிரப்பட்டும். கடைசி 10 நிமிடம் சரிபார்ப்பு. 4, 5 இரண்டாம் வேளைக்கு. ஒரே நாளில் ஐந்தையும் அடைத்தால் நான்காவது கட்டத்தில் “பிறகு நீக்கப்பட்டது” என்று ஒரு வரி மட்டும் வரும்.

இரண்டாவது சங்கிலி வேண்டுமென்றால் ராஜதுரோகப் பிரிவு 124-ஏ. 1860 தண்டனைச் சட்டத்தில் அது இல்லை, 1870-இல் சேர்த்தார்கள். திலகர் மீது 1897, 1908. காந்தி மீது 1922. 1962-இல் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைச் சுருக்கி, ஆனால் செல்லுமென்றது. பிரிட்டன் தன் நாட்டில் இந்தக் குற்றத்தை 2009-இல் சட்டமியற்றி நீக்கியது. இங்கே 2022 மே மாதம் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் புதிய பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 124-ஏ வாசகத்தையும் புதிய 152-ஆம் பிரிவையும் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்து, ‘எந்தச் சொல் போனது, எந்தச் சொல் வந்தது’ என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். முடிவை நீங்கள் சொல்ல வேண்டாம்.

வரப்பு:

சங்கிலி முறையை ஏற்கிறேன், ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. பின்னால் வந்ததெல்லாம் முன்னால் இருந்ததால்தான் வந்தது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். சட்டத்துக்குச் சங்கிலி போதும், ஏனென்றால் வாசகமே கைமாறுகிறது. வறுமை, படிப்பு, விளைச்சல் போன்றவற்றுக்குப் போதாது. அங்கே ஒப்பீடு வேண்டும். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண், மழை, மக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒன்று, ஆட்சி முறை மட்டும் வேறு. அப்படி இருந்தால் இன்றைய வேறுபாட்டில் பழைய ஆட்சிமுறைக்கு ஒரு பங்கு உண்டென்று சொல்லத் துணியலாம்.

இதற்கு மூன்று ஆய்வுகள் வகுப்பில் நன்றாக நிற்கும்.

முதலாவது பெரு. ஸ்பானிய ஆட்சி 1573 முதல் 1812 வரை ‘மீத்தா’ என்ற கட்டாய வேலை முறையை நடத்தியது. குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்த ஊர்கள் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் உவாங்காவெலிக்கா பாதரசச் சுரங்கத்துக்கும் அனுப்ப வேண்டும். மெலிசா டெல் என்ற பொருளியலாளர் அந்த எல்லையின் இருபுறத்தையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்டார். எல்லைக்குள் இருந்த பகுதிகளில் வீட்டு நுகர்வு இன்றும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சாலைகளும் குறைவு.

இரண்டாவது இந்தியா. அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-இல் வெளியிட்டது. ஜமீன்தார் வழியாக நிலவரி வாங்கிய ஜமீன்தாரி முறை இருந்த மாவட்டங்களையும், உழவரிடமே அரசு நேராக வரி வாங்கிய ரயத்வாரி போன்ற முறைகள் இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். ஜமீன் ஒழிந்த பிறகும் பழைய ஜமீன் மாவட்டங்களில் பாசனம், உரம், விளைச்சல், பள்ளி, மருத்துவ வசதி பின்தங்கியே இருந்தன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 1960-களின் நடுவில் பசுமைப் புரட்சி வந்தபோதுதான் இடைவெளி நன்றாக விரிந்தது. பழைய அமைப்பு புதிய வாய்ப்பை யார் பிடிப்பார்கள் என்பதைத் தீர்மானித்தது. ‘நீடித்த விளைவு’ என்ற சொல்லுக்கு இதுதான் துல்லியமான பொருள். காயம் அப்படியே இருப்பது மட்டும் நீடிப்பு ஆகாது, அடுத்த அடியை எடுத்து வைக்க விடாததும் நீடிப்புதான். இதோடு சென்னை மாகாணத்தின் 1948 எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டத்தைச் சேருங்கள். அதன் முழுப் பெயரிலேயே ‘ரயத்வாரியாக மாற்றும்’ என்ற சொற்கள் உண்டு. ஒரு காலனிய முறையை ஒழித்து இன்னொரு காலனிய முறைக்கு மாற்றினோம். பட்டா என்ற தாள் இன்றும் அந்த மொழியில்தான் பேசுகிறது.

மூன்றாவது ஜாவா. இதைத் தவறவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் 1830 முதல் கட்டாயச் சாகுபடி முறையில் கரும்பு பயிரிட வைத்தார்கள். டெல், ஓல்கன் இருவரும் ஆராய்ந்தபோது, பழைய சர்க்கரை ஆலைகளுக்கு அருகில் இருந்த ஊர்கள் இன்று தொழிலிலும் சாலையிலும் கல்வியிலும் மேலாக இருப்பது தெரிந்தது. வகுப்பு இங்கே திடுக்கிடும், திடுக்கிட வேண்டும். கட்டாய உழைப்பால் எழுந்த ஆலை வேலையையும் சாலையையும் விட்டுச் சென்றது, பெருவின் சுரங்கம் ஆட்களை மட்டும் இழுத்துக்கொண்டது. விளைவின் திசை எதைக் கட்டினார்கள், எதைப் பிடுங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. பின்னால் கிடைத்த பலன் அன்றைய கட்டாயத்தை நியாயமாக்காது என்பதையும் அதே மூச்சில் பேசிவிடுங்கள்.

நடத்தும் விதம்: கரும்பலகையில் ஒரு கோடு. இருபுறமும் ஐந்தைந்து ஊர்ப் புள்ளிகள். ஒரு புறத்துக்கு மட்டும் ‘ஏழில் ஒருவர்’ விதி. 10 நிமிடம், ‘இங்கே என்னவெல்லாம் மாறும்’ என்று ஊகிக்க விடுங்கள். பிறகு ஆய்வின் முடிவைச் சொல்லுங்கள். வழக்கமாக வரும் தவறு சராசரியைத் தனிமனிதர் மேல் ஏற்றுவது: ‘அந்தப் பக்கத்துக்காரர் எல்லாரும் ஏழை’. நான்கில் ஒரு பங்கு குறைவு என்பது இரண்டு கூட்டங்களின் சராசரிக்கு இடையில் உள்ள வித்தியாசம் என்று எண்களை வைத்தே காட்டுங்கள்.

கரும்பலகை:

இரண்டு பதிலும் மிகவும் உதவுகின்றன, நன்றி. ரயில் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. “ரயில் விட்டாங்கல்ல?” என்று கேட்கும் பிள்ளையை வாயடைக்க விருப்பமில்லை. கேள்வி நியாயமானதுதான்.

இன்னொன்று. மெக்காலே 1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக, இந்தியா முழுக்கச் சுற்றினேன், பிச்சைக்காரரையோ திருடரையோ பார்க்கவில்லை, இவர்கள் பண்பாட்டின் முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்ற வாசகம் பிள்ளைகளின் செயல்திட்டங்களில் தவறாமல் வருகிறது. என்ன செய்வது?

இருப்புப்பாதை:

ரயிலுக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். அந்த ஒற்றைக் கேள்வியை மூன்றாகப் பிரித்தால் போதும்: யார் முடிவெடுத்தார்கள், யார் காசு கொடுத்தார்கள், யாருக்குப் பலன் போனது.

காசில் தொடங்குங்கள், கணக்கு பிள்ளைகளைப் பிடித்து வைக்கும். 1849 ஒப்பந்தங்களின்படி லண்டனில் பதிவான ரயில் கம்பெனிகளுக்கு முதலீட்டின் மேல் ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் உத்தரவாதம், நிலமும் இலவசம். கம்பெனி 100 பவுண்டு போட்டு 2 பவுண்டு சம்பாதித்தால் மீதி 3 பவுண்டு எங்கிருந்து வரும்? இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் நிலவரியிலிருந்து. அடுத்த கேள்வி: எப்படியும் 5 கிடைக்குமென்றால் செலவைக் குறைக்க அந்தக் கம்பெனிக்கு என்ன அவசரம்? இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து வரைபடம். சென்னை ராயபுரத்திலிருந்து 1856-இல் கிளம்பிய முதல் பாதை வாலாஜா ரோடு வரை போனது. பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றிலும் பழைய பாதைகளை வண்ணப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு விசிறி போல் விரிவது தெரியும்.

மூன்றாவது, மறைக்கக் கூடாதது. ரயில் வந்த மாவட்டங்களில் உண்மையான வேளாண் வருமானம் சுமார் 16 விழுக்காடு உயர்ந்ததென்று டேவ் டொனால்ட்சன் கணக்கிட்டிருக்கிறார். இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் எங்காவது படிக்கும் பிள்ளை நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பாது.

கடைசியாக ‘அவங்க வரலைன்னா’ என்ற பகுதி. ஜப்பான் யாருக்கும் காலனியாக இருந்ததில்லை. 1872-இல் தோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோக்கஹாமாவுக்கு ரயில் ஓடியது. பொறியாளர்கள் பிரிட்டிஷ்காரர்கள், கடன் லண்டனில் எழுப்பியது. சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) 1890-களில் ரயில் வந்துவிட்டது. தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கலாம், கடனுக்கும் வாங்கலாம். அதற்கு நாட்டையே கொடுக்க வேண்டியதில்லை என்பது இந்த இரண்டு எடுத்துக்காட்டில் விளங்கிவிடும்.

ஆவணப்பெட்டி:

மெக்காலே வாசகம் போலி. ஆனால் ‘அது பொய், எழுதாதே’ என்று வெட்டிவிட வேண்டாம், 15 நிமிடப் பயிற்சியாக்குங்கள். அந்த வாசகத்தில் சாதாரணமாக 1835 பிப்ரவரி 2 என்ற தேதி இருக்கும். அந்த நாளில் மெக்காலே எங்கே இருந்தார்? 1834-லேயே இந்தியா வந்துவிட்டார், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினர். லண்டனில் பேசியிருக்க வழியில்லை. அதே தேதியில் அவர் எழுதிய கல்விக் குறிப்பு உண்மையானது, முழுதாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு அலமாரித் தட்டு இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் சமம் என்பதும், நிறத்தால் இந்தியராகவும் ரசனையால் ஆங்கிலேயராகவும் ஒரு மக்கள் பிரிவை உருவாக்குவது பற்றிய பேச்சும் அதில் உண்டு. உண்மையான ஆவணமே இவ்வளவு கடுமையாக இருக்கும்போது போலி எதற்கு? இன்னும் ஒன்று: போலி நம்மைப் புகழ்கிறது, அதனால்தான் பரவுகிறது. இதைப் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழைத்தால் அந்த வேளை வீண் போகாது.

ஆவணங்களின் அளவு: ஒரு வேளைக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. ஒவ்வொன்றும் 80 முதல் 120 சொற்கள். மொழிபெயர்க்கும்போது கடினமான சொல்லை எளிதாக்கலாம், ஆனால் அதிகாரியின் தொனியை மென்மையாக்காதீர்கள். மேலே நான்கு விவரம் கட்டாயம்: யார், எந்தப் பதவியில், எந்த ஆண்டு, யாருக்கு எழுதியது. இது இல்லாமல் கொடுத்தால் எல்லா ஆவணமும் பாடப்புத்தகப் பத்தி மாதிரி ஆகிவிடும்.

ஒரே பக்கத்து ஆட்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட ஆவணங்களைத் தேடுங்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் அதற்கு ஏற்றது. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் நிவாரண வேலைக்கான கூலியை நாளுக்கு 1 ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாதென்று எதிர்த்து எழுதினார். 1 ராத்தல் என்பது சுமார் 450 கிராம். 100 கிராம் அரிசிக்கு ஏறத்தாழ 350 கலோரி என்று வைத்துப் பிள்ளைகளே பெருக்கட்டும்: 1,575. மண் சுமப்பவருக்கு எவ்வளவு வேண்டுமென்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ‘அந்தக் காலத்து மனநிலை அப்படி’ என்ற சமாதானம் இங்கே உடைகிறது. அதே காலத்தில், அதே அரசின் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு அது தவறென்று தெரிந்திருந்தது.

இன்னொரு ஆவணம் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோவின் கல்விக் கணக்கு. 1822-இல் உத்தரவிட்டு 1826 குறிப்பில் தொகுத்தார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை 1,28,50,941. இதை இரண்டு குழுக்களுக்கு இரண்டு கேள்வியோடு கொடுங்கள். ஒரு குழுவுக்கு: ‘ஆங்கிலேயர் வருமுன் இங்கே பள்ளியே இல்லை என்பது சரியா?’ இன்னொன்றுக்கு: ‘அப்போது எல்லாரும் படித்தார்கள் என்பது சரியா?’ 68 பேருக்கு ஒருவர்தான் பள்ளியில். மாணவிகள் 4,540 மட்டுமே. ஒரே தாள் இரண்டு பெருமைப் பேச்சையும் தடுக்கும்.

ஆவணம் இல்லாததும் ஒரு பாடம். கென்யாவில் 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மௌ மௌ எழுச்சிக்காலக் கொடுமைகளுக்காக முதியவர்கள் லண்டன் நீதிமன்றம் போனபோது, அதுவரை வெளியில் வராத காலனியக் கோப்புகள் இருப்பது 2011-இல் தெரியவந்தது. 37 பழைய காலனிகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள். பல கோப்புகளை விடுதலைக்கு முன்பே எரித்திருந்தார்கள். 2013-இல் 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ‘சான்று இல்லை’ என்பதற்கும் ‘சான்றை இல்லாமல் செய்தார்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

மலைப்பாதை:

இவ்வளவு பேசியும் கடல் கடந்து போனவர்கள் வரவில்லையே. தமிழில் காலனிய வரலாறு நடத்திவிட்டு இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழரை விட்டால் சங்கிலியின் மிகக் கனமான கண்ணியே விடுபட்டதாகும்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1833. இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், அது போனது அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே, அதனால் மொரீஷியஸ், கயானா, நேட்டால் (இன்றைய தென்னாப்பிரிக்காவில்) என்று ஒப்பந்தக் கூலி முறை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம். அந்தக் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று பத்திகள் இருக்கும். ஒரே ஒரு வரியை எடுத்து, ‘இந்தப் பத்திகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்த மனிதரிடம் என்ன வேண்டியிருந்தது’ என்று கேளுங்கள். அடையாளத் தழும்பு எதற்கு என்று யோசித்தாலே போதும், தப்பியோடினால் பிடிப்பதற்கு.

இலங்கைக்குப் போனது வேறு முறை, இரண்டையும் குழப்ப வேண்டாம். அங்கே ஆள் சேர்த்துக் கொண்டுபோய் வேலை வாங்கிய கங்காணி. அவர் கொடுத்த முன்பணம் கடனாகி, கடன் தொகை எழுதிய ‘துண்டு’ கைமாறினால்தான் தொழிலாளி தோட்டம் மாற முடியும். அந்தத் துண்டை 1921-இல்தான் சட்டம் தடை செய்தது. 1869-இல் இலை நோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ஆள் தேவை இன்னும் கூடியது. 

இப்போது மேலே சொன்ன நான்காவது கட்டத்தைப் பாருங்கள். 1948-இல் விடுதலை பெற்ற இலங்கை அதே ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு என்று பங்கு போட்டது. அந்த மிச்சத்தை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு 2003 வரை சட்டம் தேவைப்பட்டது. கையெழுத்திட்ட இருவரும் விடுதலை பெற்ற நாடுகளின் பிரதமர்கள். ஆட்களை எண்ணிக்கையாகப் பார்க்கும் பழக்கம் கைமாறியதை இந்த எண்களே காட்டும். தனியாக ஒரு பாடவேளை இதற்குக் கொடுங்கள்.

கரும்பலகை:

கட்டாயம் சேர்க்கிறேன். ஒரு தயக்கம்: குற்றப் பரம்பரைச் சட்டம் நடத்தும்போது அந்தச் சமூகப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். அதோடு, ‘சாதியே வெள்ளைக்காரன் உண்டாக்கியதுதான்’ என்ற பேச்சும் உடனே எழும்.

சாவடி:

சட்டத்திலிருந்து தொடங்குங்கள், சமூகத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் வாக்கியம் ‘அரசு ஒரு பட்டியல் தயாரித்தது’ என்று இருக்க வேண்டும். ‘இந்தச் சாதியினர் குற்றப் பரம்பரை என அழைக்கப்பட்டனர்’ என்று தொடங்கினால் பட்டம்தான் மனதில் பதியும், பட்டம் கொடுத்தவர் மறைந்துவிடுவார். பட்டியலில் இருந்த பெயர்களை எல்லாம் வாசிக்க வேண்டிய தேவை இல்லை, ஒரு நிகழ்வு போதும். யாரையும் ‘உங்க வீட்டில் கேட்டு வா’ என்று அனுப்பக் கூடாது. தானாகச் சொல்ல வந்தால் கேட்கலாம். பெருங்காமநல்லூரை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டாம், கப்பல் பயணத்தையும்தான். சுடுபவராக நடிக்கும் பிள்ளை சிரிக்கும், சுடப்படுபவராக நடிக்கும் பிள்ளை அன்று முழுக்க அந்தப் பெயரோடு அலையும்.

படங்களுக்கும் இதே கவனம். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நின்றவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். அதைத் திரையில் பெரிதாகப் போட்டால் வகுப்பு அதிர்ந்து உறையும், யோசிக்காது. போடுவதென்றால் சிறிதாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ‘இவர்களை இப்படி உட்கார வைத்தது யார்’ என்ற கேள்வியோடு.

சாதி பற்றி நேராகவே பேசுங்கள். சாதி அதற்கு முன்பே இருந்தது, ஒடுக்குமுறையும் இருந்தது. காலனிய அரசு செய்தது எண்ணி, வரிசைப்படுத்தி, எழுதி இறுக்கியது. 1871–72-இல் முதல் குடிக்கணக்கு, 1901-இல் குடிக்கணக்கு ஆணையர் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பு வரிசையில் அடுக்க முயன்றார். தங்களைக் கீழே போட்டதை எதிர்த்தும் பெயரை மாற்றக் கோரியும் பல சமூகங்கள் மனுப் போட்டன. மனுப் போட்டார்கள் என்பதையே சான்றாக வையுங்கள்: பதிவேடு வாழ்க்கையைப் பாதிக்குமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடையாள அட்டை என்ன செய்யும் என்பதற்கு ருவாண்டாவைச் சேர்க்கலாம். பெல்ஜியர்கள் 1930-களில் அட்டையில் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று அச்சடித்தார்கள். விடுதலைக்குப் பின் வந்த அரசுகளும் அதை வைத்துக்கொண்டன. 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடைகளில் அந்த வரியைப் பார்த்துத்தான் கொன்றார்கள். ஆனால் ‘அட்டைதான் கொன்றது’ என்று முடிக்க விடாதீர்கள். அட்டை 60 ஆண்டு இருந்தது, கொலை 1994-இல் நடந்தது. இடையில் யார் என்ன செய்தார்கள் என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும்.

வரப்பு:

ஆப்பிரிக்கா என்றதும் ஒரு சிறு திருத்தம், பல செயல்தாள்களில் இது தவறாக இருக்கிறது. 1884–85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவை வரைபடத்தில் துண்டு போட்டார்கள் என்று எழுதுகிறார்கள். மாநாடு விதிகளைத்தான் வகுத்தது. பெரும்பாலான எல்லைகள் அதற்குப் பின் இரண்டிரண்டு நாடுகளாகப் போட்ட உடன்படிக்கைகளில் வந்தவை. அந்த எல்லைகளை மதிப்பதென்று 1964-இல் கெய்ரோவில் தீர்மானித்தது ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு. மறுபடியும் நான்காவது கட்டம்தான், இங்கே காரணம் போரைத் தவிர்ப்பது. வைத்துக்கொண்டதெல்லாம் பேராசையால் என்று பிள்ளைகள் நினைக்காமல் இருக்க இது உதவும்.

ஆவணப்பெட்டி:

தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. ‘விளைவுகளை விவரி’ என்று கேட்டால் பட்டியல்தான் வரும். கேள்வியை இப்படி மாற்றுங்கள்: ‘காலனிய காலத்தில் தொடங்கிய ஏதேனும் ஒன்று இன்றுவரை வந்த வழியை மூன்று ஆண்டுகளைக் குறிப்பிட்டு விளக்குக. அவற்றில் ஒன்றேனும் விடுதலைக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.’ 10 மதிப்பெண் என்றால் தொடக்கத்துக்கு 2, எதிர்ப்புக்கு 2, கைமாறிய இடத்துக்கு 4, இன்றைய வடிவத்துக்கு 2. கைமாறிய இடத்துக்கு நான்கு என்பதைத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முழுப் பக்கத்தையும் 1857-க்கே செலவழித்துவிடுவார்கள்.